இது பிரிவுப் பாட்டா? அழுகையே வரவில்லையே!

'தெருக்கோடி' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதியது, ஜூன் 8, மாலை 6.20

அமெரிக்கப் பாடகி கேரல் கிங் பாடிய 'இட்ஸ் டூ லேட்' பாட்டைப் பிரிவுப் பாட்டு என்று எல்லாப் பட்டியலிலும் போடுகிறார்கள். நேற்று நாலு தரம் கேட்டேன். ஒரு சொட்டு கண்ணீர் வரவில்லை. காலை ஆட்டிக்கொண்டே கேட்கலாம் போலிருக்கிறது. விட்டுப் போகிறவளுக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லையா? எனக்கென்னவோ இது கல்நெஞ்சுக்காரி பாட்டு. யாராவது விளக்குங்கள்.

ஜூன் 8, இரவு 10.45

தெருக்கோடி, நீங்கள் கல்நெஞ்சுக்காரி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. என்னையும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள், அதை அப்புறம் பார்ப்போம்.

இது 1971-இல் வந்த பாட்டு. 'டேபெஸ்ட்ரி' என்ற தொகுப்பில் முதல் பக்கத்தில் மூன்றாவதாக இருக்கிறது. அந்த வருடம் ஜூன் 19 முதல் ஐந்து வாரம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம். தொகுப்பு பதினைந்து வாரம் தொடர்ந்து முதலிடம். பதினேழு வயதில் கல்யாணம் ஆகி, கணவரோடு சேர்ந்து ஊருக்கெல்லாம் காதல் பாட்டு எழுதிக் கொடுத்த பெண், அந்தக் கணவர் ஜெரி காஃபினைப் பிரிந்து லாஸ் ஏஞ்சலஸ் போய், தன் கதையைத் தானே எழுதிப் பாடியது. அழுது முடித்தவள் பாடுகிற பாட்டு இது. அதனால்தான் உங்களுக்கு அழுகை வரவில்லை.

ஜூன் 9, காலை 7.10

மேலே நான் எழுதியதில் பாதி தப்பு. தூக்கக் கலக்கத்தில் அளந்துவிட்டேன். இந்தப் பாட்டின் வரிகளை எழுதியவர் கேரல் கிங் இல்லை, டோனி ஸ்டெர்ன் என்ற பெண் பாடலாசிரியர். மெட்டு மட்டும்தான் கேரலுடையது. காஃபினுடன் விவாகரத்து 1968-லேயே முடிந்துவிட்டது. பாட்டுப் பதிவாகும்போது கேரலுக்கு மறுமணம் ஆகிச் சில மாதம்தான். அந்தப் புதுக் கணவர் சார்ல்ஸ் லார்க்கிதான் இந்தப் பாட்டில் பேஸ் கிடார் வாசித்திருக்கிறார்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கல்யாணமாகி வருடம்கூடத் திரும்பாத வேளையில் மனைவி மைக்கில் 'எல்லாம் முடிந்துபோயிற்று' என்று பாடுகிறாள். புருஷன் அதே அறையில் உட்கார்ந்து தாளம் தப்பாமல் பேஸ் போடுகிறார். நம் வீடுகளில் என்றால் "யாரை மனசுல வெச்சுப் பாடுற?" என்று அன்றைக்கு ராத்திரியே பஞ்சாயத்து ஆரம்பித்திருக்கும்.

ஜூன் 9, பகல் 1.30

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். டோனி ஸ்டெர்ன் இதை ஒரே நாளில் எழுதினார் என்றும், பாடகர் ஜேம்ஸ் டெய்லருடனான உறவு முடிந்த சூட்டில் எழுதினார் என்றும் வெகுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அதே ஜேம்ஸ் டெய்லர்தான் 'டேபெஸ்ட்ரி'யில் வேறு சில பாட்டுகளுக்குக் கிடார் வாசித்தவர். கேரல் எழுதிய 'யூ'வ் காட் எ ஃபிரெண்ட்' பாட்டை அவரும் தனியாகப் பாடினார். 'இட்ஸ் டூ லேட்' முதலிடத்திலிருந்து இறங்கிச் சில வாரத்தில் அது முதலிடம் போயிற்று. ஒரே கோடையில் ஒருத்தியின் 'முடிந்தது' மேலே ஏறி இறங்க, 'கூப்பிடு, ஓடி வருவேன்' பின்னாலேயே ஏறியது. ஸ்டெர்ன் 2024 ஜனவரியில் காலமானார். செய்தி பார்த்த அன்று வீட்டில் மறுபடி இந்தப் பாட்டைப் போட்டேன்.

ஜூன் 9, இரவு 11.20

சரி, வரிகளுக்கு வருகிறேன். தெருக்கோடி நாலு தரம் கேட்டும் முதல் வரியைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். பாட்டு சண்டையில் தொடங்கவில்லை. காலையில் எழுந்திருக்காமல் படுக்கையில் கிடந்து பொழுதைக் கழித்ததில் தொடங்குகிறது. அடுத்து, ஒருவர் மாறிக்கொண்டிருக்கிறோம், இல்லையென்றால் இரண்டு பேருமே முயற்சி செய்வதை விட்டுவிட்டோம் என்கிறாள். நீ மாறிவிட்டாய் என்று சொல்லவில்லை பாருங்கள். யாரோ ஒருவர் என்கிறாள். தானாகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டாவது வருடம். வாடகை வீடு, கிழக்கு பார்த்த வாசல். காலை ஆறு மணிக்குப் பால்காரர் கதவுக் கைப்பிடியில் தொங்கும் மஞ்சள் பையில் அரை லிட்டர் பாக்கெட் போட்டுவிட்டுப் போவார். பாக்கெட் விழும் தொப் சத்தம் படுக்கையறை வரை கேட்கும். வேலை நாளில் பிரச்சினை இல்லை, யாராவது எழுந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். அவரும் கிடப்பார். தூங்குகிறவர் மூச்சு வேறு மாதிரி இருக்கும். எட்டு வருடம் பக்கத்தில் படுத்தவளுக்கு அது தெரியாதா? எழுந்தால் காபி போட வேண்டும், போட்டால் எதிரெதிரே உட்கார வேண்டும், உட்கார்ந்தால் ஏதாவது பேச வேண்டும். ஏழு மணிக்கு வெயில் நேராகப் பையில் விழும். எட்டரைக்கு எடுத்துக் காய்ச்சினால் திரிந்து போகும். "இந்தப் பால்காரன் பழைய பாலைப் போடறான்" என்று அவர் சொல்வார். "ஆமா, மாத்தணும்" என்பேன். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை.

அந்த முதல் வரியை நான் ஒழுங்காகக் கேட்டது அதற்கு அப்புறம்தான்.

ஜூன் 10, காலை 9.05

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்: "பால்காரர் பாவம் இல்லையா?" பாவம்தான். பிரியும்போது அவருக்கு ஒரு மாத முன்பணத்தை விட்டுக்கொடுத்தேன்.

ஜூன் 10, இரவு 10.00

தெருக்கோடி, நீங்கள் மறுபடி வந்து 'உண்மையான பிரிவுப் பாட்டு என்றால் அபா குழுவின் 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்', அதில் அழுகை வருகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். வரும், எனக்கும் வரும். 1980-இல் வந்தது. வரிகளை எழுதியது அந்தக் குழுவின் பியோர்ன், பாடியது அவரிடமிருந்து அப்போதுதான் விவாகரத்தான அக்னெத்தா. அந்தக் குரலில் தொண்டை அடைக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அபா பாட்டில் ஜெயித்தவர் இருக்கிறார், தோற்றவர் இருக்கிறார், சீட்டுக்கட்டு இருக்கிறது, தீர்ப்புச் சொல்ல நீதிபதிகள்கூட இருக்கிறார்கள். ஒருத்தி ஓரமாக நின்று பார்க்கிறாள், நமக்கு அவள் பக்கம் மனசு போகிறது. கேரல் பாட்டில் பக்கமே இல்லை. யார் பக்கம் சாய்ந்து அழுவது என்று தெரியாமல்தான் காலை ஆட்டுகிறோம்.

ஜூன் 11, காலை 6.40

இரவு தூக்கம் வராமல் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். கலிபோர்னியாவில் 1970 ஜனவரி 1 முதல் ஒரு புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன் 1969 செப்டம்பரில் கையெழுத்துப் போட்டது. (அவரும் ஒருமுறை விவாகரத்தானவர்தான்.) அதற்கு முன்பு பிரிய வேண்டுமானால் ஒருவர் மற்றவர் மேல் குற்றம் நிரூபிக்க வேண்டும். கொடுமை, கள்ள உறவு, கைவிட்டது என்று ஏதாவது ஒன்று. ஒன்றும் இல்லாதவர்கள் ஒன்றைச் சோடித்துக்கொண்டு வந்து சாட்சிக்கூண்டில் ஒப்பிப்பார்கள். புதுச் சட்டத்தில் குற்றவாளி தேவையில்லை. ஒத்துப்போகவில்லை, இனிச் சேராது என்றாலே போதும். அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான்.

'டேபெஸ்ட்ரி' பதிவானது அடுத்த வருட ஜனவரியில், அதே கலிபோர்னியாவில், ஹாலிவுட்டின் லா ப்ரேயா சாலையில் இருந்த ஏ அண்ட் எம் ஸ்டூடியோவில். சார்லி சாப்ளின் கட்டிய பழைய ஸ்டூடியோ அது. சட்டத்தைப் பார்த்து டோனி ஸ்டெர்ன் பாட்டு எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஊர்க் காற்றில் அந்தப் பேச்சு அப்போது இருந்தது, அவ்வளவுதான். குற்றவாளி இல்லாத பிரிவுக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்த நேரம்.

ஜூன் 11, பிற்பகல் 3.15

நம் ஊரில்? இந்து திருமணச் சட்டத்தில் 13-பி பிரிவு 1976-இல் வந்தது. இருவரும் சம்மதித்தால் பிரியலாம். ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், மனுப் போட்டபின் பொதுவாக ஆறு மாதம் பொறுக்க வேண்டும். நாங்கள் போனது அந்த வழியில்.

சட்டம் குற்றவாளியைக் கேட்கவில்லை. மனிதர்கள் கேட்டார்கள். குடும்ப நீதிமன்ற ஆலோசகர் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைக் கேட்டார்: "குடிக்கிறாராம்மா?" இல்லை. "அடிக்கிறாரா?" இல்லை. "வேற யாராவது?" இல்லை. "மாமியார்?" மாமியார் தங்கம். "அப்புறம் எதுக்கும்மா?" எனக்குப் பதில் வரவில்லை. பால் திரிந்துபோகிறது என்று சொல்ல முடியுமா? அவரைத் திருப்பிக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், நான் மேசைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்தேன். "நல்ல பிள்ளைங்களா இருக்கீங்க" என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டார்.

வெளியே மழை. ஒரே ஆட்டோவில் திரும்பினோம். என்னை இறக்கிவிட்டுவிட்டு அவர் போனார். பாதிக் காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அந்தப் பாதிக் காசை வாங்கிக்கொண்டதுதான் எனக்கு வலித்தது. வேண்டாம் என்றிருந்தால் இன்னும் வலித்திருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு என் சித்தி சொன்னதுதான் கல்நெஞ்சுக்காரி. "ஒரு சண்டை போட்டாவது பிரிஞ்சிருக்கக் கூடாதா, நாங்க யார்கிட்ட போய் என்னன்னு சொல்றது?" ஊருக்குச் சொல்ல ஒரு குற்றம் கேட்டார், பாவம்.

ஜூன் 12, இரவு 9.30

இசை பற்றி யாரும் பேசவில்லையே. நான் கீபோர்டில் உட்கார்ந்தேன். சின்ன வயதில் ஐந்து வருடம் வீணை கற்றுக்கொண்ட ஞானம் மட்டும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு முழுக்க மைனர் ஸ்கேல், அதனால் சோகம் அடியில் ஓடுகிறது என்று எழுதலாம் என்று உட்கார்ந்தவள் ஏமாந்தேன். சரணத்தில் ஏ மைனர் செவன்த், டி சிக்ஸ்த் என்ற இரண்டு சுவரக்கூட்டுகள் (கார்டுகள்) மாறி மாறி வருகின்றன. 'ஏ'யை ஷட்ஜமாக, அதாவது 'ச'வாக, வைத்தால் கரகரப்பிரியா ராகத்தின் சுவரங்கள்தான். இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை, நாலரை மணி வெயில் மாதிரி. 'முடிந்துபோயிற்று' என்கிற பல்லவி வரும்போது பி ஃபிளாட் மேஜர் செவன்த், எஃப் மேஜர் செவன்த் என்று போகிறது. அதாவது சதுஸ்ருதி ரிஷபமும் சதுஸ்ருதி தைவதமும் இறங்கிச் சுத்த ரிஷபம், சுத்த தைவதம் ஆகின்றன. கணக்குப்படி பார்த்தால் தோடி ராகம்.

ஜூன் 12, இரவு 9.55

தோடி என்று எழுதிவிட்டு மறுபடி வாசித்தேன். காது அப்படிக் கேட்கவில்லை. அந்த இடத்தில் ஷட்ஜம் 'எஃப்'புக்கு நகர்ந்துவிடுகிறது. அங்கே நின்று கேட்டால் அதே சுவரங்கள் சங்கராபரணம், மேற்கத்தியர் சொல்லும் மேஜர் ஸ்கேல்! கிரகபேதம் (ஷட்ஜத்தை இடம் மாற்றி அதே சுவரங்களை வேறு ராகமாக்குவது) தெரிந்தவர்களுக்கு இது பழைய வித்தைதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதையும் பூசி மெழுகாமல் 'இனி ஒளித்து வைக்க முடியாது, நடிக்க முடியாது' என்று சொல்கிற இடத்தில்தான் பாட்டு வெளிச்சத்துக்கு வருகிறது. சந்தேகத்தோடு இருந்தது சரணம், தெரிந்துகொண்டது பல்லவி. உங்கள் கால் ஆடியதற்குக் காரணம் இதுதான், தெருக்கோடி. உங்கள் மேல் தப்பில்லை.

ஜூன் 13, காலை 8.20

நடுவில் கிடாருக்கு அப்புறம் வருவது சொப்ரானோ சாக்ஸபோன், வாசித்தவர் கர்டிஸ் ஏமி. இதை முதன்முதலில் வீட்டில் போட்டபோது அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி ஷெனாய் வாசிக்கிறான், டெல்லில யாராவது தலைவர் போயிட்டாரா?" என்றார். தூர்தர்ஷன் தலைமுறை.

ஜூன் 13, இரவு 10.40

என்னிடம் இருந்தது கேசட். இந்தத் தொகுப்பைக் கைப்பேசியில் வரிசையாகக் கேட்கிறவர்களுக்கு ஒன்று தெரியாது. முதல் பக்கத்தில் மூன்றாவது 'இட்ஸ் டூ லேட்'. கேசட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது, 'வில் யூ லவ் மீ டுமாரோ'. அது கேரலும் காஃபினும் கல்யாணமான புதிதில் எழுதியது. ஷிரல்ஸ் என்ற பெண்கள் குழு பாடி, 1961 தொடக்கத்தில் முதலிடம் போனது. வரிகள் காஃபினுடையவை. இன்று ராத்திரி சரி, நாளைக்கும் என்மேல் பிரியம் இருக்குமா என்று ஒரு பெண் கேட்கிறாள். பத்து வருடம் கழித்து அதையே கேரல் தன் குரலில் மெதுவாக இழுத்துப் பாடுகிறார். பின்னால் குரல் கொடுப்பவர்கள் ஜேம்ஸ் டெய்லரும் பாடகி ஜோனி மிட்செலும். (ஜோனி அதே ஸ்டூடியோவில் வேறொரு அறையில் தன் 'ப்ளூ' தொகுப்பைப் பதிவு செய்துகொண்டிருந்தார். அது என்ன ஜனவரியோ!)

ஆக, கேள்வியும் பதிலும் ஒரே கேசட்டில் முதுகோடு முதுகாக இருக்கின்றன. பதில் முதலில் வருகிறது, கேள்வி பின்னால். நான் கேசட்டைத் திருப்புவதற்கு முன்பே பதில் தெரிந்துவிடுகிறது. இரண்டு பாட்டின் வரிகளையும் எழுதியது வேறு வேறு ஆட்கள், கேரல் இரண்டுக்கும் மெட்டுப் போட்டவர். 'தானே எழுதிய தன் கதை' என்று எட்டாம் தேதி உளறியதற்கு இதுதான் சரியான திருத்தம்.

ஜூன் 14, காலை 7.50

சின்னச் சேர்க்கை. 1972 கிராமியில் வருடத்தின் சிறந்த பதிவு இந்தப் பாட்டு. கேரலுக்கு அன்று நாலு விருது. அவர் விழாவுக்கே போகவில்லை. கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தார், லார்க்கியின் குழந்தை. பேஸ் வாசித்தவருக்கு அப்போது பயம் தெளிந்திருக்கும். (1976-இல் அவர்களும் பிரிந்தார்கள். சிரித்ததைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.)

ஜூன் 15, பகல் 12.10

ஐஸ்லி பிரதர்ஸ் 1972-இல் இதையே பத்து நிமிடத்துக்கு மேல் பாடியிருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது, ஆனால் பத்து நிமிடம் விடைபெறுகிறவர் கிளம்பப் போவதில்லை. நம் பெரியம்மாக்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று முக்கால் மணி நேரம் பேசுவார்களே, அது. கேரலுக்கு நாலு நிமிடம்கூட வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 16, இரவு 11.35

இந்தத் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். 'காலம் கடந்துவிட்டது' என்றால் செய்தித்தாள் தலையங்கம். 'இனி ஆகாது' சரியாக இருக்கிறது, ஆனால் கதவைச் சாத்துகிறது. எனக்குத் தோன்றுவது 'நேரமாயிடுச்சு'. தாமதமாகிவிட்டது என்றும் ஆகும். யார் வீட்டுக்காவது போயிருந்து, எழுந்து, சேலையை நீவிக்கொண்டு, "நேரமாயிடுச்சு, வரட்டுமா?" என்கிறோமே, அதுவும் ஆகும். கோபம் இல்லை. வந்ததற்கும் இருந்ததற்கும் குறையில்லை. ஆனால் எழுந்தாயிற்று.

கடைசிச் சரணம் அந்தத் தொனிதான். உனக்கும் எனக்கும் நல்ல காலம் வரும், சேர்ந்து இருக்கத்தான் முடியாது என்கிறாள். உனக்கும் இது தோன்றவில்லையா என்று கேட்கிறாள். ஒரு காலத்தில் உன்னை நேசித்ததில் சந்தோஷம்தான் என்கிறாள். 'ஒரு காலத்தில்' என்கிற அந்தச் சொல் இருக்கிறதே, அங்கே மட்டும் தெருக்கோடி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் கல்நெஞ்சு இருந்தால்தான் அது வாயில் வரும். எனக்கு வரவில்லை. ஆலோசகர் அம்மா முன்னால் நான் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17, காலை 6.25

காப்பீட்டில் வாரிசுப் பெயர் மாற்றாமல் கிடக்கிறது என்று நேற்று இரவு அவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. வருடத்துக்கு இரண்டு தரம் இப்படி ஏதாவது காகித வேலையில் பேசிக்கொள்வோம். பதில் போட்டுவிட்டு, இத்தனை நாள் இங்கே எழுதிய தைரியத்தில் கூடவே ஒன்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் முழித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

இப்போது எழுந்து பார்த்தால் பதில் இருக்கிறது.

"ஆமாம். பால் விழற சத்தம் கேட்கும். நீ எழுந்துக்குவியோன்னு பயந்துட்டே படுத்திருப்பேன்."